உட்காரச் சொல்லும் ஊரில் பத்து நாள்

திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிய பத்தாவது நிமிஷமே கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏம்மா, இவ்ளோ சீட்டு கெடக்கு. உக்காருங்களேன்."

"பரவால்லைங்க, நிக்கிறேன்."

"பிரேக் போட்டா விழுந்துடுவீங்க. அப்புறம் நான்தான் பதில் சொல்லணும். உக்காருங்கம்மா."

உட்கார்ந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும், மறுபடி எழுந்து நின்றேன். ஜன்னலோரம் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் என்னைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கே கேட்கிற குரலில் ரகசியம் பேசினார்.

"மூலமா, தங்கச்சி?"

"இல்லைங்க, இடுப்பு வலி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. துத்திக்கீரைய நெய்யில வதக்கிச் சாப்புடு. ஒரு வாரத்துல எறங்கிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இடுப்பு வலிக்கு வயது ஒன்பது. பினாங்கில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள் அரிசி மூட்டையை நகர்த்தப் போய் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு விடவே இல்லை. படுத்தால் வலி. நின்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நடந்தால் இன்னும் குறைவு. உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்த சீனர், மலாய் மொழியில் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "வலிக்கிற நாளிலும் நட. வலிக்காத நாளிலும் நட. ரெண்டு நாளும் ஒரே அளவுதான். கூட்டாதே, குறைக்காதே." அந்த மனுஷன் புண்ணியத்தில்தான் நான் இன்றைக்கும் கடையில் கரண்டி பிடிக்கிறேன். காலையில் கடற்கரையோரம் நாற்பது நிமிஷம் நடக்கிறேன். வலி கூடவே வரும். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்த நான் என் அக்காவுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பயணக் கதை.

அக்கா பெயர் ராஜம். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். அத்தான் இறந்து ஆறு வருஷம். மகன் ஓசூரில் வேலை. அக்காவுக்கு இரண்டு முட்டியும் வலி, பல வருஷமாக. போன மாசம் அவளுடைய பக்கத்து வீட்டு மும்தாஜ் எனக்குப் போன் செய்தாள். "சரோக்கா, தப்பா நெனக்காதீங்க. ராஜக்கா பாத்ரூம் போறதுக்கே செவுத்தப் புடிச்சிக்கிட்டு அரை மணி நேரம் ஆவுது. போன்ல ஒங்ககிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. நேர்ல வந்து பாருங்க." கடையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து நாள் கணக்கில் கிளம்பி வந்தேன்.

தஞ்சாவூரில் பஸ் மாறினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் முடித்தேன். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கும்பகோணம் தாண்டியதும் அடுத்த பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. டிரைவர் ஓரங்கட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினார். உள்ளே இருந்த அத்தனை பேரும் துண்டாலும் பேப்பராலும் விசிறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த பஸ் கெட்டுப்போனதில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் நான்தான். ரோட்டோரம் முன்னும் பின்னுமாக நடந்தேன். புரட்டாசி மாசம், இரண்டு பக்கமும் நடவு. சில வயலில் மிஷின் ஓடியது, சிலதில் ஆட்கள் குனிந்திருந்தார்கள்.

"யம்மா, காலு வலிக்கப் போவுது. உள்ள வந்து உக்காருங்க" என்று ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

பினாங்கில் நான் பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. இங்கே முன்பின் தெரியாத மூன்று பேர் அதற்குள் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் பிரியம் என்றால் அதுதான். வந்தவரை உட்கார வைப்பது, பெற்றவரை உட்கார வைப்பது. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் நாற்காலியில் இருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த நாற்காலி. மூன்று வருஷத்துக்கு முன் திருவாரூரில் ஒரு கடையில் சொல்லி இறக்கச் செய்தது. சாய்ந்துகொள்ளலாம், காலை நீட்டலாம், மெத்தை வைத்தது. வந்த அன்றைக்கு எப்படிச் சுற்றியிருந்ததோ அதே பாலிதீன் உறையோடு இன்னும் இருந்தது. அக்கா கையை ஊன்றி எழப் பார்த்தாள். உறை சரசரவென்று சத்தம் போட்டது. ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறை பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று விழுந்தாள்.

"வாடி சரோ" என்றாள் சிரித்துக்கொண்டே. "உக்காரு."

நான் நின்றபடியே அழுதேன். மூன்று வருஷமாக வாரத்தில் நாலு நாள் வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். தலை வாரி, பவுடர் பூசி, திருநீறு வைத்துப் பளிச்சென்று இருப்பாள். காலைப் பார்த்ததே இல்லை. காட்டு என்று கேட்கவும் தோன்றவில்லை. முட்டி இரண்டும் வீங்கி, தொடை சூம்பி, புடவைக்குள் குச்சி மாதிரி இருந்தது.

இந்தக் கால் எப்படிப்பட்ட கால் தெரியுமா? அக்காதான் எங்கள் ஊர் நடவுக் கூட்டத்துக்குத் தலைமை. இருபது பொம்பளைகள் அவள் பின்னால் போவார்கள். பின்னால் என்றா சொன்னேன்? நடவில் எல்லோரும் பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டே ஒவ்வொரு அடியாகச் சேற்றில் பின்வாங்குவது. எங்கள் வயல் இரண்டு ஏக்கர் போக, ஊரார் வயல் அத்தனையிலும் அக்கா இறங்கியிருக்கிறாள். வேலை நாளில் அவளுக்குப் போன் போட்டால் அடித்து அடித்து ஓய்ந்து தானாகக் கட்டாகும். சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "வயல்ல இருந்தேன்டி, கையெல்லாம் சேறு" என்பாள். எனக்குக் கோபமாக வரும்.

மறுநாள் ஓய்வு. மும்தாஜ் ரவையும் பாலும் முட்டையும் சேர்த்துச் செய்த தம்ரூட் கொண்டுவந்தாள். நின்றுகொண்டே இரண்டு துண்டு தின்றேன். "நின்னுக்கிட்டுத் தின்னா ஒடம்புல ஒட்டாதுக்கா" என்றாள் அவளும். நாற்காலியின் பாலிதீனைப் பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா பதறிவிட்டாள்.

"விடுடி. அழுக்காயிடும். நீ வாங்கிக் குடுத்தது."

மூன்றாம் நாள் கார் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனோம். காருக்குள் அக்காவின் காலைத் தூக்கி வைக்கவே பத்து நிமிஷம். முட்டி வலிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் அந்த இடம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? மாடியில். லிஃப்ட் கிடையாது. கட்டினவன் தலையில் இடி விழ என்று நான் முனக, கார்க்காரர், "முட்டி நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் போலருக்கு" என்றார். இருபத்தொரு படி. அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசினார். அக்காவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாம்மா நடமாட்டம் இல்லாம இருக்கீங்க?"

"மூணு வருஷம்" என்றாள் அக்கா. அப்புறம் என்னைப் பார்த்துப் பெருமையாகக் கை காட்டினாள். "இவதான் என் தங்கச்சி. பினாங்குல இருக்கா. ஒரு துரும்ப எடுத்துப் போட விடமாட்டா என்னை. ஒக்காந்த எடத்துல வச்சிப் பாத்துக்குறா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன்.

"முட்டி தேய்ஞ்சிருக்கு, அது உண்மைதான்" என்றார் என்னிடம். "ஆனா அதுக்காக இந்த நெலம வந்திருக்க வேணாம். சும்மாவே இருந்ததுல தொடைச் சதை கரைஞ்சுபோச்சு. முட்டியத் தாங்கறதே அந்தச் சதைதாங்க. வலிச்சாலும் அளவா நடந்துக்கிட்டு இருந்திருந்தா..." என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

காலையில் ஐம்பது அடி, சாயங்காலம் ஐம்பது அடி. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து அடி கூட்டலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி ஒன்று. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "வலி அதிகமா இருக்கிற அன்னைக்கு அவங்களே ஜாக்கிரதையா இருப்பாங்க. நல்லா இருக்கிற அன்னைக்குத்தான் நீங்க கவனமா இருக்கணும்." சீனர் சொன்ன அதே பேச்சு. தலையாட்டினேன். ஒன்பது வருஷமாகத் தெரிந்த பாடம்தானே என்ற திமிர்.

இறங்கும்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். படியின் விளிம்பில் நின்று யோசித்தாள். திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தாள். ஏறியதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. பயிற்சியாளர் மேலே நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "பின்னால நடக்கறது முட்டிக்கு ஒரு பயிற்சிதாங்க. சொல்லிக் குடுத்தாலும் யாருக்கும் லேசுல வராது. இவங்களுக்கு எப்படி?"

"நாத்து நட்ட காலும்மா இது" என்றாள் அக்கா, கீழே போய்க்கொண்டே.

திரும்பும் வழியில் சுவாமிமலையில் நிறுத்தச் சொன்னாள் அக்கா. கோயிலுக்கு அறுபது படி. காரிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வா. எனக்கும் சேத்துக் கும்புடு" என்றாள். சின்ன வயசில் இதே படியில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியவள். நான் மெதுவாக ஏறினேன். முப்பதாவது படியில் வழக்கம்போல் இடது பக்கம் சுருக்கென்றது. நின்று மூச்சு விட்டு மறுபடி ஏறினேன். மேலே போய்க் கண்ணை மூடினால் சாமி முகம் வரவில்லை. கீழே கார்க் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும் அக்காதான் வந்தாள். எனக்கு நடையை வைத்துக்கொண்டு, அவளுக்கு நாற்காலியைக் கொடுத்திருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அங்கே நின்று யோசித்தேன். அர்ச்சகர் தட்டை நீட்டி இரண்டுமுறை கூப்பிட வேண்டியிருந்தது.

நாலாம் நாள் காலை வாசலில் ஐம்பது அடி. முடித்தாள். சாயங்காலம் மாட்டேன் என்றாள். ஐந்தாம் நாளும் மாட்டேன் என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது என்கிற பதற்றம் வேறு.

"ஏன்க்கா இப்படிச் சோம்பேறியாயிட்டே? எனக்கு வலி இல்லையா? நான் நடக்கலையா? மனசு வச்சாத்தானே ஆவும்!"

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மும்தாஜ் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சரோக்கா, நீங்க கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல. அவங்கள ஒக்கார வச்சதே நீங்கதானே? சத்தியம் வாங்குனது யாரு?"

"மும்தாஜு, சும்மா இரு" என்றாள் அக்கா.

சத்தியம். ஆமாம், வாங்கினேன். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா வரப்பில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கியது. நான் போனில் அழுது ஆர்ப்பாட்டம் செய்து, "இனிமே வயல்ல எறங்க மாட்டேன், வீட்டுல ஒக்காந்து ரெஸ்ட் எடுப்பேன்னு என் மேல சத்தியமாச் சொல்லு" என்று சொல்ல வைத்தேன். நிலத்தையும் குத்தகைக்கு விடச் செய்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் என் முதல் கேள்வி அதுதான்: "ஒக்காந்திருக்கியாக்கா?"

"ஒக்காந்துதான் இருக்கேன்டின்னு சொல்லுவாங்கல்ல?" என்றாள் மும்தாஜ். "வீக்கம் வடிஞ்சதும் வயலுக்குப் போயிட்டாங்க. நடவு நடல. களை பறிக்கிறது, தண்ணி பாக்கறது, அதுமாதிரி. போன மடியில கட்டிக்கிட்டுப் போவாங்க. நீங்க கூப்பிட்டா வரப்புல நின்னுக்கிட்டே, ஒக்காந்துதான் இருக்கேன்னு சொல்லுவாங்க. நாங்கல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க வீடியோ போன் அனுப்புனீங்க."

அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொன்னாள். "மொதல்ல நீ பதினோரு மணிக்குக் கூப்புடுவே. அதுக்குள்ள ஓடியாந்து, கால் கழுவி, மூஞ்சி கழுவி இந்த நாற்காலியில ஒக்காந்துடுவேன். அப்புறம் நீ எட்டு மணிக்கு ஒரு நாள், நாலு மணிக்கு ஒரு நாள்னு கூப்புட ஆரம்பிச்சே. எப்பக் கூப்புடுவேன்னு தெரியாது. எடுக்கலைன்னா அழுவே. ஒன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன், ஒனக்கு ஏதாவது ஆயிட்டா? அதான் ஒக்காந்தே இருந்தேன். ஒக்காந்து ஒக்காந்து, அப்புறம் எந்திரிக்க முடியலடி."

வேண்டுமென்றேதான் நேரத்தை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். வேவு பார்க்கத்தான். அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்ணால் பார்த்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரும். நான் கடல் தாண்டிப் போய்ச் சௌக்கியமாக இருக்க, அவள் இங்கே சேற்றில் குனிந்திருக்கிறாளே என்று உறுத்திய உறுத்தலுக்கு நான் கண்டுபிடித்த மருந்து அந்த நாற்காலி. மருந்து எனக்கு, தின்றது அவள்.

"அந்தச் சத்தியத்தை நான் எடுத்துட்டேன்க்கா. இனிமே இல்லை."

"சத்தியம் என்ன பஸ் டிக்கட்டாடி, கேன்சல் பண்றதுக்கு?" என்றாள். சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் நான் கூப்பிடாமலே கையை ஊன்றி எழுந்தாள்.

ஆறாம் நாள் அறுபது அடி. ஏழாம் நாளும் அறுபது, கரண்டுக் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும். நான் பக்கத்தில் நடந்தேன். வலிக்கும்போது அவள் நிற்பாள், எனக்கு வலித்தால் நான் நிற்பேன், இரண்டு கிழவிகள் ரோட்டில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தோம். ஊருக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் ராஜம், தங்கச்சி வந்தா ஒரு வா சோறு நிம்மதியாத் தின்னலாம்னு பாத்தா, வெயில்ல நடத்துறாளே ஒன்னை!" என்றார் எதிர்வீட்டு மாமி.

"ஃபாரின்லேர்ந்து வந்தவங்களுக்கு நம்ம கஷ்டம் எங்க தெரியுது" என்றது சைக்கிளில் போன ஒரு குரல். மூன்று வருஷமாக நான் இந்த ஊரில் உத்தமி. அக்காவை உட்கார வைத்துக் காப்பாற்றுகிறவள். இரண்டே நாளில் கொடுமைக்காரி ஆகிவிட்டேன். ஒரு வீட்டில் எங்களுக்காக நாற்காலியையே ரோட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

எட்டாம் நாள் விடியும்போதே அக்கா முகம் தெளிவாக இருந்தது. முட்டி வீக்கம் வற்றியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த காலை, வெயில் ஏறவில்லை. கம்பத்தைச் சுலபமாகத் தாண்டினாள். எழுபது அடி ஆயிற்று. நிறுத்தியிருக்க வேண்டும்.

"சரோ, மதகு வரைக்கும் போவலாமா? நம்ம வயல்ல இன்னைக்கு நடவாம். மும்தாஜ் சொன்னா."

வாய்க்காலிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் திரும்பும் மதகு அது. இன்னும் இருநூறு அடி இருக்கும். நல்லா இருக்கிற அன்னைக்குத்தான் கவனமா இருக்கணும். கூட்டாதே, குறைக்காதே. எல்லாம் காதில் ஒலித்தது. ஆனால் எனக்கு நாளன்றைக்கு விமானம். போவதற்குள் அவளை மதகில் நிற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. பேராசை. அப்போதுகூட அவளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"போவலாம்க்கா" என்றேன்.

போய்விட்டோம். மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயலில் வங்காளத்திலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நட்டுக்கொண்டே பின்வாங்கி வந்தார்கள். என்ன வேகம்! அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்.

"ஏய், மூலையில நெருக்கமா ஊனுறான் பாரு! தள்ளி வைக்கச் சொல்லு! தண்ணி எப்படிடா ஓடும்?"

குத்தகைக்காரர் சிரித்துக்கொண்டே ஓட்டை இந்தியில் அதைச் சொன்னார். நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். "ஊர்ல எங்க அம்மாவும் வரப்புல நின்னு இப்படித்தான் கத்தும்னு சொல்றான்" என்றார் குத்தகைக்காரர். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். யாரும் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள். திரும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, வரப்பிலிருந்து பின்பக்கமாகச் சேற்றில் இறங்கினாள். ஒரு கை நாற்றை வாங்கி நாலு குத்து ஊன்றினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கைதட்டினேன் என்று நினைக்கிறேன்.

சேற்றிலிருந்து காலை உருவும்போது "அம்மா" என்றாள். அவ்வளவுதான். குத்தகைக்காரரும் இன்னொருவரும் கைத்தாங்கலாகத் தூக்கி மேலே விட்டார்கள். தகவல் தெரிந்து வந்த மும்தாஜின் ஸ்கூட்டரில் அக்காவை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஒன்பதாம் நாள் இரண்டு முட்டியும் சுரைக்காய். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து படுக்கைக்கு. தஞ்சாவூருக்குப் போன் செய்தேன். "ஒரே நாள்ல அவ்வளவு தூரமா? சேத்துல வேறயா?" என்று கேட்டார் அந்தப் பெண். பிறகு, "வீக்கம் எறங்கினதும் மறுபடி இருபது அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும். பயந்துபோய் மறுபடி ஒரேடியா ஒக்காந்துட்டாங்கன்னா அப்புறம் கஷ்டங்க" என்றார். மூன்று வருஷ நாற்காலியைப் பத்து நாளில் திருப்பிவிடப் பார்த்த என் புத்தியை என்ன சொல்ல. அப்போதும் நான்தான், இப்போதும் நான்தான். அவள் காலுக்கு எது போதும் என்று அவளை ஒரு தடவைகூட முடிவு செய்ய விடவில்லை.

முட்டிக்குத் துணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை. அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"போடி. நாலு குத்து நட்டேன்ல? நேரா நின்னுச்சா, பாத்தியா?"

"நின்னுச்சுக்கா."

"அது போதும் போ."

பத்தாம் நாள் கார் வாசலில் நின்றது. அக்கா எழ முயன்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். முடியவில்லை, அவளே விட்டுவிட்டாள். நாற்காலியிலிருந்தே என் கையைப் பிடித்து, "நீ கவலப்படாமப் போ. நான் நடந்துடுவேன்" என்றாள். "தெனம் நடக்கணும்க்கா. கொஞ்சமா, ஆனா தெனம்" என்று கார் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். திருச்சி வரைக்கும் அரை மணிக்கு ஒருமுறை காரை நிறுத்தி இறங்கி நடந்தேன். ஒவ்வொருமுறையும் கார்க்காரர் டீக்கடைப் பெஞ்சைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார்.

பினாங்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் கடற்கரையோரம் நடக்கிறேன், அதே நாற்பது நிமிஷம். இப்போதெல்லாம் வீடியோவில் கூப்பிடுவதில்லை, வெறும் போன்தான். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை, அவள் நடக்கிற நேரமாகப் பார்த்து. அடித்து அடித்து ஓய்ந்து கட்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பொத்தானை அமுக்குகிறேன். எந்த ஊரிலாவது இப்படி ஒரு பிரார்த்தனை இருக்குமா தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இப்பத்தான்டி நடந்துட்டு வந்தேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "கம்பம் வரைக்கும். வலியே இல்ல."

குரலுக்குப் பின்னால் பாலிதீன் சரசரத்தது.

வீடியோவில் வா என்று நாக்கு நுனிவரை வந்தது. "சரிக்கா" என்றேன்.